கார் குடித்த தண்ணீர்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் கார் தினமும் காலையில் ஒரு போத்தல் தண்ணீர் குடித்தது. அது என்னைவிட வயதில் மூத்த, பழைய ஜப்பான் கார். அப்பாவுக்குக் கரடியனாற்றுப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்தபோது வாங்கியது. ஆரையம்பதியிலிருந்து டவுனைத் தாண்டி, செங்கலடியில் உள்ளே திரும்பி, வயல்களுக்கு நடுவே அவ்வளவு தூரம் போய் வரவேண்டும். காலையில் நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலையில் ஒரு போத்தல் குறைந்திருக்கும். ஒரு நாள் அப்பா நிரப்ப மறந்து போனார். வயல் வட்டையின் நடுவில் கார் கொதித்து நின்றுவிட்டது. வயல்காரர் ஒருவர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு கொடுத்துத்தான் அப்பா பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் பாடம் முடியும் நேரத்தில் உள்ளே நுழைந்தவரைப் பிள்ளைகள் கைதட்டி வரவேற்றார்களாம்.

காத்தான்குடியில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருந்தார். அப்பாவைப் போலவே நானும் அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் ரேடியேட்டரின் மூடியை மாற்றினார், குழாய்களை மாற்றினார், இறுக்க வேண்டியதையெல்லாம் இறுக்கினார். தண்ணீர் குறைவது மட்டும் நிற்கவில்லை.

“எங்கயோ ஒரு பக்கத்தால போகத்தான் வேணும் மாஸ்டர். மாயமா மறையிறதுக்குத் தண்ணி என்ன ஜின்னா, பேயா?” என்றார் நானா.

எங்கள் வீட்டு வளவு முழுக்க வெள்ளை மணல். குடம் குடமாக ஊற்றினாலும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போலக் கிடக்கும். ஆகவே, பொழுதுபட்டதும் காருக்கு அடியில் காட்போட் மட்டை விரித்து, காலையில் எந்த இடத்தில் ஈரம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பல் துலக்கும் முன்பே குனிந்து மட்டையை இழுத்துப் பார்ப்பேன். பூனையின் காலடி இருக்கும், பழுத்த மாவிலை இருக்கும், பல்லி எச்சம் இருக்கும். “ஒண்டும் இல்ல அப்பா” என்று கத்திவிட்டுப் போவேன்.

அந்த நாட்களில் எங்களோடு மாமியும் இருந்தார். அப்பாவின் அக்கா. பாலர் வகுப்பு டீச்சராக இருந்தவர், கல்யாணம் செய்யாதவர், நிமிர்ந்து நடப்பவர். டவுன் சேர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவரும் அவர்தான். காரின் முன் சீட் மாமியுடையது. அப்படி யாரும் சொல்லி வைத்ததில்லை. ஆனால் அம்மாவும் நானும் பின்னால்தான் ஏறுவோம். அந்த வருடத் தொடக்கத்தில் மாமிக்கு வயிற்றில் ஒரு ஒப்பரேஷன் நடந்தது. அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லவில்லை. தேறி எழுந்து மறுபடி சேர்ச்சுக்கு வரத் தொடங்கினார்.

மூன்று ஞாயிறு வந்திருப்பார். அந்த மூன்று ஞாயிறும் காலைத் தேநீரை அவர் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் குடித்தது நான். வீட்டுக்குத் திரும்பியதும் எல்லாரும் இறங்கிப் போகும்வரை காருக்குள்ளேயே இருப்பார். பிறகு ஒரு பழைய துணியை எடுத்து வந்து, கால் வைக்கும் இடத்தில் கிடந்த ரப்பர் விரிப்பைத் துடைப்பார். ஒருமுறை பக்கத்தில் போய் நின்று என்ன என்று கேட்டேன்.

“மண், மகள். நீ உள்ள போ.”

நான்காம் ஞாயிறு மாமிக்குத் தலையிடி. அடுத்த ஞாயிறு கால் உளைவு. அதற்கடுத்த ஞாயிறு தொண்டை அடைப்பு. ஆனால் முதல்நாள் கிணற்றடியில் அவர் பாடியதை நான் கேட்டிருந்தேன். டொக்டரிடம் போவோம் என்று அம்மா கூப்பிட்டபோது மறுத்துவிட்டார். பாடகர் குழுப் பெண்கள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். தனக்குப் பதிலாக வேறு யாரையாவது போடச் சொல்லி, பாட்டுக் கொப்பியை அவர்களிடமே கொடுத்து அனுப்பினார். “அக்காவுக்கு மனசில என்னவோ கிடக்கு” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். என் மனதில் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். முன் சீட் இப்போது என்னுடையது.

அதில் நான் இருந்து போன மூன்றாவது ஞாயிறு சப்பாத்து கடித்தது. திரும்பி வரும்போது அதைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் காலுறையோடு விரிப்பில் காலை ஊன்றினேன். சில்லென்று ஈரம் ஏறியது. சப்பாத்தைக் கழற்றியதற்கு ஏசுவார்கள் என்று, ஈரக் காலை அப்படியே மறுபடி அதற்குள் நுழைத்துக்கொண்டேன். மாலையில் துவைக்க எடுத்த அம்மா காலுறையைத் தூக்கிப் பிடித்தார். அடிப்பக்கம் இளம் பச்சை.

“எங்க போய் மிதிச்சாய்?”

“காருக்குள்ள.”

“காருக்குள்ள என்ன குளமா கிடக்கு? பொய் சொல்லாத.”

நான் அழ ஆயத்தமாவதற்குள் அப்பா பத்திரிகையைப் போட்டுவிட்டு வந்தார். அந்த அழுக்குக் காலுறையை வாங்கி மூக்கில் வைத்து மணந்தார். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் என்னையும் காலுறையையும் ஏற்றிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். நானாவும் மிக மரியாதையாக அதை மணந்து பார்த்தார். முன் கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தடவினார். பிசுபிசுத்தது. இடப்பக்கக் கதவைத் திறந்து, ரப்பர் விரிப்பைத் தூக்கி, அதன் கீழிருந்த கம்பளத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். இளம் பச்சைத் தண்ணீர் ஊறி மேலே வந்தது.

“ரேடியேட்டருக்கு நான் ஊத்துற பச்சைக் கூலண்ட்தான் இது. ஹீட்டர், மாஸ்டர். குளிர் நாட்டுக்காரன் கால் காய வைக்கிறதுக்குப் போட்ட சாமான். எஞ்சின் தண்ணி அதுக்குள்ளயும் போய் வரும். அதில ஓட்ட விழுந்திருக்கு. நம்மட வெக்கைக்கு ஹீட்டர் என்னத்துக்கு? வெட்டி உட்டுருவம்.” பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “நாங்க எல்லாரும் காருக்குக் கீழ பார்த்தம் புள்ள. நீதான் மேல பார்த்திருக்காய்.”

ஹீட்டருக்குப் போன இரண்டு குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்தார். அரை மணி நேர வேலை. அப்பா எனக்குச் சர்பத் வாங்கித் தந்தார்.

வீட்டில் அப்பா இந்தக் கதையை என் காலுறையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். மாமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“எந்தப் பக்கம் தம்பி?”

“இடப்பக்கம். நீங்க இருக்கிற பக்கம்தான்.”

“கால் வைக்கிற இடத்திலயா?”

“ஓம் அக்கா. கன நாளா ஒழுகியிருக்கு. கம்பளம் குடிச்சிட்டு இருந்திருக்கு. ஆரும் ஏறி மிதிச்சாத்தான் மேல வரும்.”

மாமி சுளகை வைத்துவிட்டு வெளியே போனார். காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, கம்பளம் கழற்றிய வெறும் தகரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் சீட்டில் ஏறி இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். கார் பழுதானதற்கு ஒருவர் இவ்வளவு அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓடிப்போய், “அழாதீங்க மாமி, நானா சரியாக்கிட்டார்” என்றேன். மாமி என்னை இழுத்து உச்சியில் முத்தமிட்டார். அழுதுகொண்டே சிரித்தார். உள்ளே வந்து அம்மாவிடம் தேநீர் கேட்டு, இரண்டு கோப்பை குடித்தார்.

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, என் மகன் பிறந்த முதல் மாதத்தில், தும்மல் வந்தாலே துணி நனைந்துவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, எழுபதை எட்டிவிட்ட மாமி என் கட்டிலில் வந்திருந்து அந்தக் கதையின் மறுபாதியைச் சொன்னார். கர்ப்பப்பையை எடுத்த பிறகு சில மாதம் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம் என்று தாதி சொல்லியிருந்தாராம். முதல் ஞாயிறே சேலைக் கரை நனைந்திருக்கிறது. தன்னை அறியாமல் தன்னிடமிருந்துதான் போயிருக்கிறது என்று நினைத்துவிட்டார். தம்பியின் காரில், பிள்ளைக்கு முன்னால்.

“சீட் காய்ஞ்சுதான் கிடந்தது மகள். தொட்டுப் பார்த்தன். எண்டாலும் நம்ப ஏலாமப் போச்சு. ஆரிட்டக் கேக்கிற?”

நானா காரைச் சரியாக்கிய அந்த வாரக் கடைசியில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் மாமி காரில் ஏறி இருந்தார். ஓட்டையைக் கண்டுபிடித்தவள் நான், பின் சீட்டுக்கு அனுப்பப்பட்டவளும் நான். சேர்ச்சில் மாமி எழுந்து நின்று முதல் வரியை எடுத்தார். முன் வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அம்மா கண்ணைத் துடைத்தார். நானோ கண்களை இறுக மூடி, மாமிக்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் தலையிடி வரவேண்டும் என்று கர்த்தரிடம் மனமுருகி மன்றாடிக்கொண்டிருந்தேன்.