இலவமரத்து வளைவு

என் தம்பியிடம் எந்த ஊரைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம். ஊரைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டான். நாக்பூர் எப்படிடா இருக்கும் என்றால் "பாலம் நல்லா போட்டிருக்கான்க்கா" என்பான். ஐதராபாத் என்றால் உள்ளே போகாமல் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும் என்று கையை வளைத்துக் காட்டுவான். ஜான்சியில் டீ வாயில் வைக்க விளங்காது. சாகர் பக்கம் வண்டியை நிழலில் போட்டுத் தூங்கலாம். அவன் பார்த்த இந்தியா இவ்வளவுதான். ஆக்ராவைத் தாண்டி எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறானே என்று, தாஜ்மகாலைப் பார்த்தாயா எனக் கேட்டேன். "அது உள்ள இருக்குக்கா. நம்ம பைபாஸ்லல்ல போறோம்" என்றான். அதையும் பெருமையாகச் சொன்னான்.

அவன் லாரி டிரைவர். மதுரையில் லோடு ஏற்றினால் டில்லியில்தான் இறக்குவான். காஷ்மீரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறதே ஒரு ரோடு, அதை அவன் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டான். "நாப்பத்தி நாலு" என்பான், கூடப் படித்த பையனைச் சொல்வது போல. வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், என் கணவர் அவனை நடுவில் உட்காரவைத்து ஓசூரிலிருந்து ஒவ்வொரு ஊராகக் கேட்பார். இவர் போடியைத் தாண்டி மதுரைக்கு மேல் போனதில்லை. அடுத்து அனந்தப்பூர், அடுத்து கர்நூல் என்று அவன் அடுக்குவதை வாய் பிளந்து கேட்பார். எத்தனை மாநிலம் தாண்டினால் என்ன, ஒரு ஊருக்குள் இறங்கி ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறானா? தண்ணீரையும் பாட்டிலில் வாங்கிக் குடித்துவிட்டு வந்தவனுக்கு இத்தனை மரியாதை.

நான் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஷெட்டில் வேலை பார்க்கிறேன். பச்சையும் பருமனுமாய் இருப்பது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம். நல்லதெல்லாம் வடக்கே போகும். பிளந்தது எங்கள் வீட்டுப் பாயசத்துக்கு வரும். நான் பொறுக்கிப் போட்ட காயை என் தம்பி டில்லிக்குக் கொண்டுபோவான். அங்கே அதை யார் தின்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டில்லிக்காரர்களுக்குப் போடி என்று ஒரு ஊர் இருப்பது தெரியுமா என்று கேட்டால் சிரிப்பான்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. இருவரும் மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் போன பிறகு நான் கல்யாணமாகிப் போடிக்கு இறங்கினேன், அவன் ரோட்டில் இறங்கினான். பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான். அதுவும் சக்கரத்தின் மேல் இருக்கிறது.

இது எப்போது உறைத்தது என்றால், என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது. எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். புதுத்துணி, மாலை, பழத்தட்டு எல்லாம் அவன் கொண்டுவர வேண்டும். தாய்மாமன் வரவில்லை என்றால் பிள்ளையின் அம்மாவுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லாதவள் என்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் அப்புறம் புகுந்த வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. உப்பு போதவில்லை என்று சொல்வதற்குக்கூட யோசிக்க வேண்டும்.

இரண்டு தடவை நாள் குறித்துத் தள்ளிப் போட்டோம். ஒரு தடவை ஆதிலாபாத் பக்கம் வண்டி படுத்துவிட்டது. இன்னொரு தடவை டில்லியில் இறக்கியதும் ஓனர் வேறு எங்கோ லோடு ஏற்றி அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை குறிக்கும்போதே என் மாமியார் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவ அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வேற மடி பாத்து வச்சிருக்கேன்."

வேறு மடி என்றால், எனக்கு ஏதோ சுற்றுவழியில் அண்ணன் முறை வருகிற ஒரு ஏலக்காய் வியாபாரி. என் கல்யாணத்துக்கு வராதவர். என் அம்மா சாவுக்கு வராதவர். தெருவில் பார்த்தால் என்னைத் தெரிந்தது போல் காட்டிக்கொள்ளாதவர். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சங்கிலியும் இருந்தால் மாமன் ஆகிவிடலாம் என்று அவருக்கும் நினைப்பு, என் மாமியாருக்கும் நினைப்பு.

குலதெய்வம் கோயில், மலை உச்சியில் கேரள எல்லையிலிருக்கிற போடிமெட்டுக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது. அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நாலாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கிச் சரிவில் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். கோயில் என்றால் ஒரு கல்லும் நாலு வேலும்தான். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. வளைவில் ஒரு பெரிய இலவமரம் நின்றது, அதுதான் அடையாளம். நாங்கள் பிள்ளைகளாக மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும்போது அங்கேதான் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், என் தம்பி வாந்தி எடுப்பான். எட்டு மாநிலம் லாரி ஓட்டுகிறவன் அந்த ரோட்டின் பதினேழு வளைவில் ஒரு தடவையாவது வாந்தி எடுக்காமல் இறங்கியதில்லை.

நாள் நெருங்க நெருங்கப் போன் வர ஆரம்பித்தது. "அக்கா, நாக்பூர் தாண்டிட்டேன்." "அக்கா, கர்நூல் தாண்டிட்டேன்." "அக்கா, கிருஷ்ணகிரி தாண்டிட்டேன்." என் கணவர் ஒவ்வொன்றையும் வீடு முழுக்க அறிவித்தார். மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"தாண்டிக்கிட்டேதான் இருக்கான். எங்கிட்டும் வந்து சேரக் காணோம்."

சரியாகத்தானே சொல்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் வேன் பிடித்துக் கோயிலுக்குப் போய்விட்டோம். வேன் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் குத்திவிட வேண்டும். தம்பி மதுரையில் மாற்று டிரைவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, விடியும் முன்பே போடிக்கு வந்துவிட்டான் என்று போன் வந்தது. கடை திறந்ததும் மாலையும் பழமும் வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வருவதாகச் சொன்னான். எனக்கு உயிர் வந்தது. மதுரையிலிருந்து ரயில் இருக்கிறது, போடியிலிருந்து மூணாறு பஸ்சு இருக்கிறது. ஆனால் லாரிக்காரன் டிக்கெட் எடுத்தால் குலம் கெட்டுவிடுமே. மூணாறுக்கு சிமெண்டு ஏற்றிப் போகிற ஒரு லாரியில், தட்டும் மாலையுமாக முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. பொங்கல் பொங்கி இறக்கியாயிற்று. காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு, தேவாரம் ஊரில் இன்னொரு வீட்டில் சோலி இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். வழியில் சிக்னல் இல்லை, தம்பிக்குப் போன் போகவில்லை. கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, கேரளாவுக்கு வந்துட்டேன்க்கா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மரத்தப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். எலவமரத்தக் காணோம்க்கா. இந்தா வரும், இந்தா வரும்னு பாத்துப் பாத்து மேல போடிமெட்டு வந்துருச்சு. இரு, வெரசா எறங்கி வர்றேன்."

ரோட்டை அகலப்படுத்தும்போது அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். வேர் இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுச் சுவர். நாங்கள் போய் வந்துகொண்டிருப்பதால் மரம் இல்லாதது எங்களுக்குப் பழகிவிட்டது. நாலாவது வளைவு என்று வேன்காரரிடம் சொல்கிறோம், அவர் நிறுத்துகிறார். இந்த ரோடும் தேசிய நெடுஞ்சாலைதான். கொச்சியையும் மதுரையையும் சேர்க்கிறதாம். ஊரையும் ஊரையும் சேர்க்கிறவர்களுக்கு நடுவில் நிற்கிற மரம் ஒரு இடைஞ்சல்தானே.

போனில் அவன் சொன்னதும், நாலாவது வளைவில் இறங்கு என்று நான் கத்தியதும் கூட்டம் முழுக்கக் கேட்டுவிட்டது. முதலில் சிரித்தது என் கணவர். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

"எட்டு ஸ்டேட்டு ஓட்டுறவனுக்கு ஒரு வளைவு தெரியலையாக்கும்" என்றார் மாமியார். "வண்டி ஓட்டுறானா, மாடு மேய்க்கிறானா? ஏம்மா, பிள்ளையக் கொண்டா. நேரம் போகுது."

வெள்ளைச் சட்டைக்காரர் வேட்டியை ஒழுங்கு செய்துகொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். மடியைத் தட்டிக் காட்டினார்.

என் தம்பியை ஏச எனக்குப் பாத்தியதை உண்டு. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், அவன் வாந்தியைக் கழுவியவள் நான். இவர்கள் யார்? வளைவு நம்பரைப் படித்து இறங்கத் தெரிந்துவிட்டால் பெரிய சூரப்புலிகளா? பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

"என் தம்பி வரட்டும் அத்தை."

"ராகு காலம் வந்துரும்."

"வரட்டும். ராகுவாவது சொன்ன நேரத்துக்கு வருது. இந்த அண்ணனை இன்னைக்குத்தான் முதமுதலாப் பாக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் மடியிலிருந்த கையை எடுத்துக்கொண்டார். என் கணவர் என் பக்கம் ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அவர் ஒன்றும் விளங்காத ஆள் போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தரை தாண்டியது. மாமியார் எழுந்துபோய்ப் பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். வராமல் போய்விட்டால் இனி இந்த வீட்டில் எனக்கு நாக்கு கிடையாது என்று நன்றாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மேலே வளைவில் ஒரு ஜீப்பு நின்றது. போடிக்கு ஏலக்காய் கொண்டுபோகிற ஜீப்பு. பின்னால் மூட்டைகளின் மேல் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலை கசங்கியிருந்தது. முகம் வெளிறியிருந்தது, வழியில் வாந்தி எடுத்திருப்பான். சரிவில் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தான். கிட்டே வந்ததும் ஏலக்காய் வாசம் அடித்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நகர்ந்தார். தம்பி ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். யாரும் வா என்று சொல்லவில்லை. ஆசாரி மட்டும், "ராகு காலம் எனக்குக் கெடையாதுப்பா, உக்காரு" என்று ஊசியை எடுத்தார். பிள்ளையை அவன் மடியில் இறக்கினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"டில்லி வரைக்கும் ஒரு போர்டு விடாமப் படிக்கிறவன்தானேடா நீ? வளைவுக்கு வளைவு நம்பர் எழுதி வச்சிருக்கானே, ஒன் கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு நான் கேட்டதே புரியவில்லை.

"அக்காட்ட வர்றதுக்கு எவன்க்கா போர்டு பாப்பான்?"

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். என் மாமியார் பாறையிலிருந்து திரும்பிப் பார்த்தார். என் கண்ணை அவர் பார்க்காமலிருக்க நான் குனிந்து பழத்தட்டை நகர்த்தி வைத்தேன்.

"பேசாம பிள்ளைய இறுக்கிப் பிடிடா" என்றேன்.