பெரியப்பாவின் காதுக் காந்தம்

போன மாதம் எனக்குக் காதுக் கருவி மாட்டிவிட்டார்கள். மகன் வாங்கித் தந்தது. அதைக் கையில் வாங்கியபோதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பெரியப்பாவின் காதுக் கருவியைக் கெடுத்தவன் நான்தான்.

என் சின்ன வயதில், ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு இருந்தது. மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பலகையில் இரண்டு பள்ளக் கோடுகள். அவற்றில் மூக்கை நுழைத்துக்கொண்டு இரண்டு சின்னக் கார்கள் மின்சாரத்தில் ஓடும். புதுக் கார் அத்தை மகனுக்கு. எனக்குக் கிடைக்கும் பழைய கார் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். "தள்ளிவிட ஆள் கூட்டியாரலையா மாப்ளே?" என்பான். ஒருமுறை நான் தோற்றதும் அதை என் கையில் திணித்தான். "கொண்டுபோயி வைத்தியம் பாரு. அடுத்த மாசம் ஜெயிச்சா காரு ஒனக்கே."

ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையில் எரிந்துபோன மில் மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றி, காயில் கட்டும் கடை இருந்தது. கூட்டித் தள்ளும் செம்புக்கம்பித் துண்டுகள் எனக்கு இனாம். காரின் மோட்டாரைப் பிரித்து, மயிர் போன்ற பழைய கம்பியை உருவிவிட்டு, சற்றுத் தடித்த கம்பியைக் குறைவான சுற்றுகளாக, உள்ளே சுழலும் இரும்பின் மூன்று கைகளுக்கும் ஒரே கணக்காகச் சுற்றினேன். அக்காவின் நகப்பாலிஷைத் தடவிக் காயவைத்தேன். பேட்டரியில் வைத்தால் சூடானதே தவிர வேகம் இல்லை.

கடைக்காரர் விரலால் சுழற்றிப் பார்த்தார். "சுத்துனதெல்லாம் நல்லாத்தாம்ல இருக்கு. காந்தந்தான் செத்துப்போச்சு. வேற கெடைச்சா போடு."

வேறு காந்தம் வீட்டிலேயே இருந்தது. பெரியப்பா பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையில் காதுக் கருவியின் பெட்டி, அதிலிருந்து ஒயர், காதில் ஒரு பொத்தான். கழற்றி வைத்தால் அந்தப் பொத்தானில் குண்டூசி ஒட்டும். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது அதைப் பிரித்தேன். காந்தத்தை மோட்டாரின் முதுகில் ஒட்டினேன். வெறும் பொத்தானைப் பசை போட்டு மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். மோட்டார் வண்டு போல இரைந்தது.

மறுநாள் காலை பெரியப்பா பொத்தானைக் காதில் வைத்தார், எடுத்தார், உற்றுப் பார்த்தார். என் மேசைமேல் கிடந்த கம்பித் துண்டுகளையும் பார்த்தார். பக்கத்தில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் கை எவ்வளவு வேகமானது என்று எங்கள் தெருவுக்கே தெரியும். பெரியப்பா பொத்தானை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார்.

பந்தயத்துக்கு என்னை பஸ்ஸில் கூட்டிப்போனவரும் அவர்தான். பந்தயப் பலகையை ஒட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கார்கள் ஓடுகையில் அதிரும் அந்தப் பலகைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மூன்றாவது சுற்றில் என் கார் புதுக் காரைத் தாண்டியது.

"எம்புட்டு இரைச்சல்லே," என்றார் பெரியப்பா. "தேன்கூட்டைக் கலைச்ச மாதிரில்லா இருக்கு."

ஆக, அவருக்குக் கேட்கிறது. காந்தம் இல்லாமலும் வேலை செய்கிற கருவி போலும் என்று முடிவு செய்துகொண்டேன். அத்தை போட்ட சோற்றை அன்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு, அவருக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். கருவியை ரிப்பேருக்குக் கொடுக்கலாமா என்று அப்பா சைகையில் கேட்டபோது, அவர் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டார். "வேண்டாம்ப்பா, இதுவே நல்லாத்தான் கேக்கு." சாகும்வரை தினமும் அதை மாட்டிக்கொண்டார்.

பந்தயத்தன்று கார்கள் நின்ற பிறகுதான் பலகையிலிருந்து கையை எடுத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கார் ஜெயிக்க ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்தேன்.