பின்பக்கமாகச் சுற்றிய மெஷின்

நம்புகிறவர்கள் நம்பலாம். மீரா சாகிபுக்கு எழுபத்துமூன்று வயது. அவர் சொல்லி ஒரு சொல் பொய்த்தது என்று புதுமடத்தில் யாரும் கைநீட்டிச் சொல்ல முடியாது. இது அவருக்கு நடந்தது. போன வருடம் ஆடி மாதம், செவ்வாய் தொடங்கி வியாழன் வரை. அதுவும் நட்டநடுப் பகலில்.

அவருடைய வாப்பா நடத்திய பட்டறையில் ஒரு பழைய டிரில்லிங் மெஷின் நின்றது. ஆளுயரம், வார்ப்பிரும்பு, சீமைச் சரக்கு. படகு இன்ஜினுக்கான இரும்பெல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் துளை போட்டார்கள். ஐம்பத்திரண்டு வருடமாக அது ஓடவில்லை. துளைக்கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சக் அதில் இல்லை. வேலையாள் கூத்தையா அதைத் திருடிக்கொண்டு கள்ளத்தோணியில் இலங்கைக்கு ஓடிவிட்டான் என்று வாப்பா ஊரைக் கூட்டிச் சொன்னார். வாப்பாவின் சொல்தான் அந்தக் குடும்பத்தின் மானம். கூத்தையாவின் வீட்டுக்குத் திருடன் வீடு என்ற பெயர் நிலைத்தது. மீரா சாகிபும் அப்படியே சொல்லி வந்தார்.

பிள்ளைகள் தொழில் பழக ஜமாத்தில் ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். மெஷினைச் சரிசெய்து, வாப்பாவின் பெயரைக் கல்லில் பொறித்து, வெள்ளிக்கிழமை ஒப்படைப்பதாக மீரா சாகிபு வாக்குக் கொடுத்திருந்தார்.

உச்சிப்புளி ஃபிட்டர் கபீர் வேலையை எடுத்துக்கொண்டான். துரு போனது. பேரிங் மதுரையில் கிடைத்தது. தோல் பெல்ட்டைத் தைத்து வாங்கினார்கள். சக்தான் ஆட்டம் காட்டியது. நான்கு வாங்கி நான்கும் சேரவில்லை. சக்கின் காம்பு மெஷினுக்குள் ஆடியது. ஐந்தாவது காரைக்குடியில், ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஒரே தட்டு. கப்பென்று உட்கார்ந்தது.

"இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மாமா" என்றான் கபீர்.

செவ்வாய், 12:50. லுஹர் தொழுகைக்காகப் பட்டறையைப் பூட்டினார்கள். சாவி மீரா சாகிபின் இடுப்பு வாரில். 1:25க்குத் திறந்தபோது, பெல்ட் எட்டுப் போல முறுக்கி மாட்டியிருந்தது. அப்படி மாட்டினால் மெஷின் பின்பக்கமாகச் சுற்றும். கபீர் பக்கத்திலேயே நின்று தொழுதவன். தான்தான் மறதியாக மாட்டியிருப்பேன் என்றான். இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை மீரா சாகிபு மோட்டாரின் வயரைப் பிடுங்கினார். பெல்ட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார். கபீரைப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டு, பூட்டிய கதவுக்கு வெளியே தாமே நின்றார். ஆடி மாதம். ஆனால் அன்று காற்றில்லை.

12:52.

கர்ர்... நின்றது. கர்ர்... நின்றது.

திறந்தார்.

சக் சுற்றிக்கொண்டிருந்தது. கால் சுற்று... நிறுத்தம். கால் சுற்று... நிறுத்தம். பின்பக்கமாக. யாரோ பொறுமையாகக் கையால் திருப்புவது போல.

ஆள் இல்லை.

உள்ளே கால் வைத்தார். நின்றுவிட்டது.

சக்கில் ஒரு சிவப்பு நூல். ஈரமாக...

தொழுதுவிட்டு வந்த கபீர் நூலைப் பார்த்தான்.

"சக்குல துணி சுத்திக்கிட்டா நாங்க இப்படித்தான் எடுப்போம் மாமா. கரண்ட நிப்பாட்டிட்டு, மெள்ள மெள்ள பின்னாடி திருப்பி..."

அந்த மெஷினில் கடைசியாகத் துளை போட்டவன் கூத்தையா. அன்று சாயங்காலம் மீரா சாகிபு பாண்டியம்மாளின் வீட்டுக்குப் போனார். கூத்தையாவின் மகள். அந்த வாசலை அவர் அதுவரை மிதித்ததில்லை. அவள் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நூலை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"எங்கய்யா தலைத்துண்டு நெறம்."

அவள் மிளகாயைத் தள்ளிவைத்தாள்.

"அய்யா செருப்பு ஒங்க பட்டறை வாசல்லதான் கெடந்துச்சு மொதலாளி. அம்மா எடுத்தாந்து வச்சிருந்துச்சு. ஓடுறவுக செருப்ப விட்டுட்டா ஓடுவாக?"

இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்றார்.

"திருடன் வீட்டுப் பேச்ச யாரு கேட்டா?"

வியாழன், 11:40. கூடத்துக்கு ஏற்றுவதற்காகக் கபீர் போல்ட்டுகளைக் கழற்றி, சங்கிலி போட்டு மெஷினைத் தூக்கி ஓரமாக வைத்தான். பிறகு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"மாமா... மெஷினோட அடித்தட்டு ஒண்ணரையடிதான். எதுக்கு ஆறடி நீளத்துக்குக் காங்கிரீட் போட்டுருக்காக?"

மெஷின் வெள்ளிக்கிழமை கூடத்துக்குப் போகவில்லை. பெயர்க்கல் சாக்குச் சுற்றியபடி மீரா சாகிபின் வீட்டில் கிடக்கிறது.

அவருக்கு நினைவு வந்துவிட்டது. கூத்தையா 'ஓடிப்போன' மறுநாள் காலை. மெஷின் ஆடுகிறது, அடித்தளம் போடவேண்டும் என்றார் வாப்பா. பள்ளம் ஏற்கனவே தோண்டி, பாதி மண் தள்ளி மூடியிருந்தது. கொத்தனாரைக் கூப்பிடவில்லை. இருபத்தொரு வயது மகனைத்தான் கூப்பிட்டார்.

மணல் சலித்ததும், கலவை குழைத்ததும், கரணையால் மட்டம் தட்டியதும் மீரா சாகிபின் கைதான்.