சிலேட்டு மலையின் பானகம்

அன்று எனக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் பெண் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். இதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் என்ன சொல்லுவாளோ.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இரும்பாலை வேலைக்கான பயிற்சிக்கு ஜெர்மனி போய் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். தாய் தகப்பன் இல்லாதவர் என்பதால் அவருக்குப் பெண் பார்க்கும் பொறுப்பு அம்மாவுடையது. ஏற்கெனவே இரண்டு இடங்கள் ஜெர்மனி என்றதுமே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டன. பையன் அங்கே எதைத் தின்றானோ, எதைக் குடித்தானோ என்ற பயம். புத்தூரிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் மட்டும், பையனின் ஆசாரத்தை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக எழுதியிருந்தார். இதுவும் தட்டிப்போனால் தம்பி கட்டைப் பிரம்மச்சாரிதான் என்று அம்மா கலங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் சாயங்காலம் வருவதாக இருந்த அன்று, மத்தியானம் மாமா தம் பெட்டியைத் திறந்து, கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து நீளக் கழுத்துள்ள பச்சை பாட்டில் ஒன்றை எடுத்தார்.

மதுவிலக்கு இருந்த காலம். அப்பா ஆபீசில் இருந்தார். அம்மா முதலில் வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு பெருமாள் இருந்த அலமாரியைச் சாத்தினாள்.

“இதைக் கொண்டுபோய்க் கொள்ளிடத்துல கொட்டிட்டு வா.”

“ரீஸ்லிங்னு ஒரு ஒயின், அக்கா. திராட்சையில பண்றது. தித்திப்பே இருக்காது. ஒரு வாய் பார்த்துச் சொல்லு, அப்புறம் கொட்டிடறேன்.”

“தித்திக்காததையா கப்பல்ல தூக்கிண்டு வந்தே?”

மாமா அசரவில்லை. லீவு நாட்களில் அந்தத் திராட்சை விளையும் இடத்துக்கே போய்ப் பார்த்தவர். ஆற்றங்கரையில் செங்குத்தான மலையாம். மலை முழுக்கச் சிலேட்டுக் கல்லாம். குளிர் தேசத்தில் பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குக் கொடுக்குமாம். பழம் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு போகாதாம். குடிக்கும்போது கல்லின் வாசனைகூட வருமாம்.

“மணப்பாறை முறுக்கை இங்கே சுட்டா அந்த ருசி வரதா? அது அந்த ஊர்த் தண்ணி. இது அந்த ஊர்க் கல்லு.”

“முறுக்கைத் தின்னுட்டு யாரும் ரோட்டுல விழறதில்லை.”

எனக்கு மாமா சொன்னது நன்றாகவே புரிந்தது. நான் வகுப்பில் யாருக்கும் தெரியாமல் சிலேட்டுக் குச்சி தின்கிறவள். இருந்தாலும் ஒரு நிச்சயத்துக்காக என் சிலேட்டை எடுத்து ஓரமாக நக்கிப் பார்த்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். என் பெண் எதையாவது வாயில் வைத்தால் நானும் கையை ஓங்குகிறேன். பிறகு, ஓங்கியிருக்க வேண்டாமோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மாமா தக்கையை நெம்பி, எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றி ஜன்னல் கட்டையில் வைத்தார். முதலில் நன்றாக முகர வேண்டும், பிறகு வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும் என்றார். அம்மாவோ பெருமாளுக்குப் பூத் தொடுக்கும்போது வாசனை மூக்கில் ஏறிவிடக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொள்கிறவள்.

“முகரணுமாம், வாயில போட்டுக் கொப்பளிக்கணுமாம். இதுல ஒண்ணாவது நம்மாத்துல உண்டா?”

வாசல் கதவு தட்டப்பட்டது. புத்தூர்க்காரர் முன்னாலேயே வந்துவிட்டார். பாட்டில் அரிசி டின்னுக்குள் போயிற்று. டம்ளர் ஜன்னல் கட்டையிலேயே நின்றது.

வெயிலில் வந்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எல்லா வீட்டிலும் வழக்கம்தானே.

“தீர்த்தம் தயாரா வச்சிருக்கேளே,” என்று டம்ளரை எடுத்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள், உதட்டில் படாமல் உயரத் தூக்கி, அண்ணாந்து ஒரே தாரையாக ஊற்றிக்கொண்டார். ஆசாரமாகக் குடிப்பதில் இது ஒரு சங்கடம்: டம்ளர் மூக்குக்கு எட்டாது, நடுவில் நிறுத்தி யோசிக்கவும் முடியாது.

டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குள் எட்டிப் பார்த்தார். மாமாவின் முகம் அரிசி மாவு போல வெளுத்திருந்தது.

“எலுமிச்சம்பழப் பானகம்,” என்றாள் அம்மா. “வெல்லம் போட மறந்துட்டேன்.”

“அதானே பார்த்தேன்.” அவர் நாக்கை மெல்லச் சப்புக்கொட்டினார். “கல்லு வாசனை வரதே. மழையில நனைஞ்ச பாறை மாதிரி. எந்த ஊர்த் தீர்த்தம்?”

ஊர் திரும்பியதிலிருந்து இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாமா வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“கொல்லைக் கிணறுதான்,” என்றாள் அம்மா.

“நல்ல கிணறு. இன்னும் கொஞ்சம் இருக்குமோ?”

மாமாவே எழுந்து அரிசி டின்னை நோக்கிப் போனார்.

ஆசாரத்தைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டாவது டம்ளர் முடிந்ததும், தையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம், இந்த மாதிரி வீடு கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது கிராம்பு கேட்டு வாங்கி, ஒரு கொத்தாக வாயில் போட்டு மென்றார். வாசலில் என் பக்கம் குனிந்து, “எங்காத்து மாமி என்னிக்காவது கேட்டா, மோர் குடிச்சார்னு சொல்லு, குழந்தே,” என்றார்.

கல்யாணத்தில் அந்த மாமி கேட்கவும் கேட்டாள். நானும் மோர் என்றே சொன்னேன். வெல்லம் போடாத பானகத்தைக் குடித்ததில் மறைக்க என்ன இருக்கிறது என்பது மட்டும் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.