விற்பனைக்கு இல்லாத வேகன்

மலேசியாவில் ஜொகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. இன்னமும் நான் ஒன்று சொன்னால் இங்குள்ளவர்களுக்கு வேறொன்று கேட்கிறது. குளுவாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம், "அண்ணே, பழைய எஸ்டேட் கார் ஏதாவது விலைக்கு வந்தா சொல்லுங்க" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டார். இங்கே எஸ்டேட் என்றால் தோட்டம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் ரப்பர் வெட்டிய இடம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கும் இடம். "தோட்டத்துல ஓடுன வண்டி உங்களுக்கு எதுக்குமா? எல்லாம் அடிபட்டுக் கெடக்கும்" என்றார். கூரை பின்பக்கம்வரை நீண்டிருக்கும், பின்கதவைத் திறந்தால் உள்ளே ஓர் ஆளே படுக்கலாம் என்று கைகளால் வரைந்து காட்டினேன். "ஓ, வேகன். அது பொணம் ஏத்துற வண்டி மாதிரிலா இருக்கும்" என்று சிரித்தார்.

திண்டுக்கல்லில் என் அப்பா ஒரு நூற்பாலை முதலாளியிடம் ஓட்டுநராக இருந்தார். அவர் ஓட்டியது அப்படி ஒரு வண்டிதான். அங்கே அதற்கு எஸ்டேட் கார் என்றுதான் பெயர். ஆனால் அந்த நினைப்புக்காக நான் அதைத் தேடவில்லை. நான் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுக்கிறவள். திரைக்கம்பிகள் எட்டடி நீளம். சாதாரணக் காரில் அவற்றை ஏற்றினால் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மலேசியாவில் எல்லோருக்கும் உயரமான வண்டிதான் பிடிக்கிறது, வேகனை யாரும் சீண்டுவதில்லை. அதனால் எங்களைப் போன்றவர்கள் கையைக் கடிக்காமல் ஒன்றை வாங்கிவிடலாம். சொல்லப்போனால் இவையெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்ன காரணங்கள். எனக்குள் வேறொன்றும் இருந்தது.

அது மூன்று வருடப் பழசு. எங்களுடைய முதல் காரை என் கணவர் மோகன் தன் சித்தப்பா மகன் தேவனிடம் வாங்கினார். தேவன் பொந்தியானில் பழைய கார்களை வாங்கி விற்கிறவன். வெள்ளிநிறக் கார். இருக்கைக்கடியில் ஒரு கட்டு பாண்டான் இலை வைத்துக் கொடுத்தான். நறுமணத்துக்காக இங்கே பலரும் அப்படி வைப்பார்கள் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இலை காய்ந்ததும் உள்ளேயிருந்து ஈரத்துணியை மூடி வைத்தது போல ஒரு வாடை வந்தது. மழை நாளில் அது அதிகமாகும். மோகன் ஏசியைச் சுத்தம் செய்தார். நான் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தேன்.

ஒரு நாள் காலை என் தம்பி திண்டுக்கல்லிலிருந்து கூப்பிட்டு, அப்பா போய்விட்டார் என்றான். மதியம் செனாயிலிருந்து கோலாலம்பூருக்கும் அங்கிருந்து திருச்சிக்கும் விமானம் கிடைத்தது. மறுநாள் காலைவரை வைத்திருக்கிறோம், வந்துவிடு என்றான். செனாய்க்கு இன்னும் இருபது நிமிடப் பயணம் இருக்கும்போது காரின் முன்பலகையில் இருந்த எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. பிறகு எல்லாம் அணைந்து வண்டி ஓரமாக உருண்டு நின்றது. கண்ணாடிகூட இறங்கவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை. மோகன் நடுச்சாலையில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தபோது, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அந்த விமானம் ஓடுபாதையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் மாலை தம்பி, "இனியும் வெச்சிருக்க முடியாதுக்கா" என்றான். நான் ஊர் போய்ச் சேர்ந்தது பால் தெளிக்கும் நாளில். அப்பா ஒரு சின்ன மண்பானைக்குள் இருந்தார்.

குளுவாங்கில் ஒரு சீனர் பட்டறை வைத்திருக்கிறார். எல்லோரும் அவரைத் தௌக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எங்கள் காரின் தரைவிரிப்பைக் கிழித்துக் காட்டினார். அடியில் மாவு போல மெல்லிய வண்டல் படிந்திருந்தது. "பஞ்சிர்" என்றார். பஞ்சிர் என்றால் வெள்ளம். மழைக்காலத்தில் நீரில் மூழ்கிய காரைக் கழுவி, காயவைத்து, பாண்டான் இலை வைத்து எங்களிடம் விற்றிருக்கிறான் தேவன். அண்ணே என்று கூப்பிடுகிற சொந்தப் பெரியப்பா மகனுக்கு.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவனிடம் கேட்டேன். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன். அவன்தான் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னான். "அண்ணி, உங்க ஊர்ல பஸ்ல தொங்கிக்கிட்டுப் போயிருப்பீங்க. இங்க வந்து என்கிட்டயே கார் பத்திப் பேசுறீங்க." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைப்பதைக்கூட நான் பார்க்கவில்லை என்றேன். "வயசானவர்தானே அண்ணி. நீங்க போயிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பாரா?" என்றான். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று உறைந்து கெட்டியானது. பலர் என்னிடம், காலம் போனால் கோபம் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

தௌக்கேயிடம் போய், கார் இருக்கை உறைகளைத் தைத்துத் தருகிறேன் என்றேன். அவருக்கு ஆள் தேவைப்பட்டது. இருக்கைகளைக் கழற்றி என் முன்னால் போடுவார், நான் பழைய உறையைப் பிரிப்பேன். அப்படிப் பிரிக்கப் பிரிக்கத்தான் கற்றுக்கொண்டேன். விபத்தில் சிக்கிய காரின் கதவு விளிம்பில் பெயின்ட் எப்படிச் சொரசொரப்பாக இருக்கும், நிறைய ஓடிய காரின் பிரேக் மிதி ரப்பர் எந்த மூலையில் தேயும் என்றெல்லாம் தெரிந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சீட் பெல்ட். வெள்ளத்தில் மூழ்கிய காரைத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் பெல்ட்டைப் பாதிதான் இழுப்பார்கள். கடைசிவரை இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும். நீர் ஏறி நின்ற கோடு. தைக்கிறவளுக்குத் துணியில் படிந்த கறை பொய் சொல்லாது.

போன மாதம் வேகன் தேட ஆரம்பித்தேன். செனாயில் ஒன்று பார்த்தோம், கியர் மாற்றும்போது முதுகில் குத்துவது போல இடித்தது. காஹாங்கில் ஒன்று இருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் போனால், நிஜமாகவே அது தோட்டத்து வண்டி. பின்பக்கம் வருடக்கணக்காக உர மூட்டைகள் ஏற்றித் தரை துருப்பிடித்து, என் விரல் உள்ளே போனது. மோகன் சலித்துக்கொண்டார். கடைசியில் பட்டறைக்கு வந்த ஒருவர்தான், பொந்தியானில் தேவனின் இடத்தில் நல்ல வேகன் ஒன்று நிற்கிறது என்றார்.

"அங்க வேணாம் வசந்தி" என்றார் மோகன்.

"அங்கதான்" என்றேன்.

சனிக்கிழமை காலை போனோம். தகரக் கூரைக்கடியில் பன்னிரண்டு கார்கள். நாலைந்து பேர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவன் எங்களைப் பார்த்து எதுவுமே நடக்காதது போல, "வாங்க அண்ணே, வாங்க அண்ணி" என்றான். நான் முதல் காரின் கதவைத் திறந்து பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். கோடு இருந்தது. பெல்ட் மறுபடி உள்ளே போகாதபடி கதவில் நசுக்கி, முனை வெளியே தொங்க விட்டேன். அடுத்த காருக்குப் போனேன்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"கார் பாக்கறேன் தேவன்."

மூன்றாவது காரின் அருகில் ஒரு மலாய்த் தம்பதியர் நின்றிருந்தார்கள். மனைவியின் தோளில் கைக்குழந்தை. நான் அந்தக் காரின் பெல்ட்டையும் இழுத்தேன். அதிலும் கோடு இருந்தது. அந்தப் பெண் இது என்ன என்று கேட்டாள். பதினான்கு வருடமாகியும் என் மலாய் சந்தைக்கு மட்டும்தான் போதும். "ஆயேர்" என்றேன், தண்ணீர். நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்து, இதுவரை என்று காட்டினேன். அவள் பதறிப்போய்த் தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினாள். எனக்கு நெஞ்சை அடைக்கிறது என்று நினைத்துவிட்டாள். நான் வாங்கிக் குடித்தேன். பிறகு அவளுடைய கணவன் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதைப் பார்த்து இன்னொருவரும் போனார். தேவனின் முகம் வெளிறிப்போவதை நான் நிதானமாகப் பார்த்தேன். பந்தியில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

அலுவலக அறைக்குப் பின்னால் அந்த வேகன் நின்றது. கருநீலம். பெல்ட்டை இழுத்தேன், முனைவரை சுத்தம். தரைவிரிப்புக்கடியில் உலர்ந்த தகரம். என் இன்ச் டேப்பை எடுத்துப் பின்கதவிலிருந்து முன்னிருக்கைகளுக்கு நடுவேவரை அளந்தேன். எட்டடிக் கம்பி சாய்வாகப் போய் உட்காரும். எங்களால் முடிந்த தொகைக்குள் வரக்கூடிய வயதும் அதற்கு இருந்தது.

"அது விக்கிறதுக்கு இல்ல அண்ணி" என்றான் தேவன். "லலிதா ஓட்டறது."

லலிதா அவன் மனைவி. என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். நான் இங்கே புதிதாக வந்தபோது எந்தக் கடையில் முருங்கைக்கீரை கிடைக்கும் என்று கூட்டிப் போய்க் காட்டியவள்.

"உன் பொண்டாட்டி உக்கார்ற வண்டியில மட்டும் தண்ணி ஏறல" என்றேன். "எனக்கு இதான் வேணும். நியாயமான விலை என்னவோ சொல்லு. நீ வித்த அந்தச் செத்த காரையும் நீயே எடுத்துக்க. இல்லன்னா இன்னும் ஒம்போது வண்டி இருக்கு. நான் பொறுமையா ஒவ்வொண்ணா பாக்கறேன்."

தேவன் என் கணவரைப் பார்த்தான். மோகன் இந்த முறை தலையைக் குனியவில்லை. "குடுத்துரு தேவா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இதைப் படிக்கிறவர்கள், குறிப்பாக என்னைப் போல் ஊரை விட்டு வந்து ஏமாந்தவர்கள், எனக்காக மகிழலாம். நானும் மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அந்த ஒன்பது கார்களின் பெல்ட்டை நான் இழுக்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்ததும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அவற்றில் சில இந்நேரம் யார் வீட்டு வாசலிலோ நிற்கும். யாராவது ஒருத்தி அதில் ஏறி விமான நிலையத்துக்குப் புறப்படுவாள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள் என்று எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்று மாலை லலிதா போன் செய்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். "அக்கா, முன்னாடி ஒரு சாமி படம் ஒட்டியிருக்கேன். பிச்சு எடுக்காதீங்க, கிழிஞ்சிரும்" என்றாள். சரி என்றேன். "வண்டி காலைல ஸ்டார்ட் ஆக ஒரு நிமிசம் எடுக்கும். பயந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். தேவன் என்னைப் பந்தியில் அவமானப்படுத்திய நாளில்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. ஆனாலும் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. அதுவும் உண்மை.

பெயர் மாற்றுவதற்கு விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒன்றாகப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் நானும் தேவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் எங்கள் அட்டைகளை வாங்கினாள். அவனுடையது குடிமகனின் நீல அட்டை. என்னுடையது நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அட்டை. எந்த ஊர் ஆள் என்று கேட்டாள். "ஓராங் இண்டியா" என்றேன், இந்தியாக்காரி என்ற பொருளில். அவள் தேவனைக் காட்டி, இவரும் ஓராங் இண்டியாதானே என்றாள். இங்கே பிறந்த தமிழர்களுக்கும் மலாயில் அதே பெயர்தான். நீங்கள் இருவரும் அக்கா தம்பியா என்றும் கேட்டாள். தேவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் என்னை வெளியூர்க்காரி என்று தள்ளிவைத்தவன், "குடும்பம்" என்று மலாயில் முணுமுணுத்தான்.

கண்ணாடித் தட்டில் தேவனின் கட்டைவிரலை இயந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது. நான் வலது கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பதினான்கு வருடம் இந்த நாட்டின் வீடுகளுக்குத் திரை தைத்ததில், கத்தரிக்கோலும் ஊசியும் அந்த விரலின் ரேகைகளைத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தன. இடது கையை வையுங்கள் என்றாள்.

வைத்தேன். எந்த வேலையும் அதிகம் பார்க்காமல், திண்டுக்கல்லிலிருந்து வந்தபடியே இருக்கும் விரல் அது. பச்சை விளக்கு எரிந்தது.