சாலையோரப் பாறைகளில் சாரதா

செவ்வாய்க்கிழமை காலை பெஹாலா வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சாரதாவின் மகள் மைதிலி போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே." சரிம்மா, வர்றேன் என்றேன். பிறகு வாளியில் மீதமிருந்த துணிகளையும் உலர்த்திவிட்டுத்தான் கீழே இறங்கினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. இப்போதெல்லாம் எனக்கு அழுகைகூடத் தாமதமாகத்தான் வருகிறது.

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அவளைத் தெரியும். டைப்பிஸ்ட் சாரதா. வங்காளிகள் வைத்த பெயர் பாத்தொர்தி, கல்லக்கா. அந்தப் பெயர் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், காட்சிலாவுக்குப் பிக்னிக் போன அன்று. வழியில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, சாலைக்காக மலையை வெட்டிவிட்டிருந்த இடத்தில் சாரதா குந்தி உட்கார்ந்துவிட்டாள். அரைமணி கழித்து வந்து முந்தானையை விரித்துக் காட்டினாள். மாதுளை முத்து நிறத்தில், மிளகளவில், பட்டை பட்டையாக நாற்பது ஐம்பது கற்கள். "யாரும் பட்டை தீட்டலை விஜயா. உள்ளேயே இப்படி வளர்ந்திருக்கு" என்றாள். கார்னெட் என்ற பெயரையே நாங்கள் பிறகுதான் ஒரு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு எங்களுடையது. சுத்தியல், உளி, சின்னக் கடப்பாரை, புளியோதரை. இரண்டு பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டோரம் கல் உடைத்தால் லாரிக்காரன்கூட நிறுத்திப் பார்ப்பான். "என்ன தேடறீங்க திதி, தங்கமா?" என்று கேட்காத ஊர் இல்லை. சாரதா சிரிக்காமல் பதில் சொல்வாள்: "தங்கமா இருந்தா எங்களுக்கு விட்டு வெச்சிருப்பீங்களா?" கல் கிடைத்ததும் நான் அது என்ன கல் என்று குழம்பிக்கொண்டிருப்பேன். அவள் காகிதத்தை நீட்டுவாள். "பேரு அப்புறம் பார்த்துக்கலாம். எங்க எடுத்தோம்னு முதல்ல எழுது. அது மறந்துட்டா இது வெறும் ஜல்லி."

நான் எழுத வந்தது புருலியாவைப் பற்றி. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். புதிதாகத் திறந்த பாறையில், வெள்ளைக் கல்லுக்குள், விரல் பருமனில் ஆறு பட்டையாக ஒரு பச்சைக் குச்சி நின்றது. பெரில், மரகத இனத்துக் கல். நாங்கள் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தோம். மேஸ்திரி வந்து, நாலரைக்கு வெடி வைக்கிறோம், விலகுங்கள் என்றார். மணி நாலு. மேலே ஒரு பலகைக் கல் தொங்கியது. ஒருத்தி கடப்பாரையால் அதைத் தாங்கிப் பிடிக்க, மற்றவள் கீழே கைவிட்டு எடுக்க வேண்டும். எப்போதும் நான் பிடிப்பேன், அவள் எடுப்பாள்.

ராத்திரி ரயிலைப் பிடிக்க நாலேகால் பஸ்தான் கடைசி. மறுநாள் காலை என் பையனுக்குப் பரீட்சை. எனக்கு உடம்பும் ஓய்ந்துபோயிருந்தது.

"வா சாரதா, போகலாம்."

"கால் மணி நேரம் பிடி. போதும்."

"என்னால முடியலை. நான் கிளம்பறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "சரி, நீ போ" என்றாள்.

போனேன். பஸ் கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தூசிதான் தெரிந்தது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.

திங்கள் அவள் நாற்காலி காலி. செவ்வாயும் காலி. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் பக்கத்து வீட்டு போன் நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு முறை எடுத்து, டயல் செய்யாமல் வைத்தேன். புதன்கிழமை வந்தாள், இடது கை முழுக்கக் கட்டு. தனியாக முயன்றபோது பலகைக் கல் கைமேல் இறங்கியிருக்கிறது. கல் சுமக்கும் பெண் ஒருத்தி கத்திக்கொண்டே ஓடி வந்து கல்லைப் புரட்டி அவளை இழுத்துப் போயிருக்கிறாள். அன்று அந்தப் பெண்ணின் குடிசையில்தான் தூங்கினாளாம். பெரில் வெடியோடு போய்விட்டது.

இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லி முடித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள். "பையன் எப்படி எழுதினான்?" என்று கேட்டாள். நன்றாக எழுதினான் என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத் திறந்த வாய், அந்தப் பதிலோடு மூடிக்கொண்டது.

அவளுடைய இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. ஓய்வு பெறும்வரை எட்டு விரலால் டைப் அடித்தாள். மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்தபோதும் அப்படித்தான். கட்டுப் பிரித்த மறுமாதமே, "ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்று கேட்டாள். என் முழங்கால் ஒத்துழைத்தவரை, பத்து வருடம், கூடப் போனேன். ஒவ்வொரு முறையும் கடப்பாரையை என்னிடமே கொடுத்தாள்.

போன மாதம் கடைசியாகப் பார்த்தேன். மெலிந்துபோய், சுவர் முழுக்க அடுக்கிய, கல் நிரம்பிய செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே கட்டிலில் சாய்ந்திருந்தாள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"சாரதா, அன்னிக்கு நான் உன்னை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"என்னிக்கு?" என்றாள்.

புருலியாவில் என்றேன். "புருலியாக்கு நாம எத்தனையோ தடவை போயிருக்கோமே" என்று சொல்லி, மடங்காத விரல்களோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நானும் களைத்திருந்தேன். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காரியம் முடிந்ததும் மைதிலி, வந்தவர்கள் எல்லோரையும் ஆளுக்கொரு கல் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. சாரதா உண்மையிலேயே மறந்திருந்தாளா, எனக்காக மறந்தாளா என்று இனி கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனாலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது போதும் எனக்கு.