எறணாகுளத்தில் மூளைக்கோடு எடுக்கப் போனது

அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத்தான். நான்கு முழம் இருக்கும். அவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் என் தங்கை பேசமாட்டாள்.

எண்பத்திரண்டாம் வருட மழைக்காலத்தில்தான் அம்மாவோடு போனோம். தங்கை நசீமாவுக்கு எட்டு வயது. ஒரு வருடமாக யாரோடும் பேசுவதில்லை. என்னோடு மட்டும் பேசுவாள், அதுவும் என் காதில் வாயை வைத்து. எங்கள் இருவர் தலையிலும் ஒயர் ஒட்டி, நாங்கள் பேசும்போது இரண்டு மூளையும் எப்படி ஓடுகிறது என்று ஒரே நேரத்தில் கோடு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் எறணாகுளம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சுள்ளிக்கல்லில் இருக்கும் மாமியோ, "கரண்ட் வெச்சா உள்ளதும் போயிரும்டி" என்று சொல்லிவிட்டாள். இனி என்னோடும் பேசாமல் போய்விட்டால்? வழி முழுக்க அந்தப் பயம்தான்.

மட்டாஞ்சேரி போட் ஜெட்டியில் காலை ஏழே காலுக்குப் படகு. ஆளுக்கு அறுபது பைசா, அரை மணி நேரம். எறணாகுளத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை கிலோமீட்டர். மழையில் நடந்தோம்.

கோடு எடுக்கப் போகிறவர்கள் தலையில் எண்ணெய் வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி எழுதியிருந்தும், பெண்பிள்ளைகள் வறண்ட தலையோடு வெளியே போவதா என்று அம்மா எங்களுக்குத் தேங்காயெண்ணெயை வழிய வழியத் தேய்த்திருந்தாள். ஒயர் ஒட்டவே இல்லை.

"என்டெ மோளே, செக்குலேந்து நேரா வர்றீங்களா?" என்றார் கோடு எடுக்கும் எந்திரத்தை ஓட்டுகிற சேட்டன்.

"சுத்தமான எண்ணெய்தான் சேட்டா" என்றாள் அம்மா.

குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசினோம். துண்டு கொண்டுபோங்கள். அன்னியர் முன்னால் முக்காடில்லாமல் உட்கார வேண்டியிருக்கும். ஆனால் வலிக்காது, ஷாக்கும் அடிக்காது.

ஒட்டி முடித்து அம்மாவை வெளியே அனுப்பினார்கள். "தல அசையக்கூடாது கேட்டோ. அசைஞ்சா கோடு கெட்டுப்போகும், அப்புறம் அடுத்த மாசம்தான். ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்றார் சேட்டன். காகிதத்தில் அவளுக்கொரு வரிசை, எனக்கொரு வரிசை என்று பேனாக்கள் ஓடத் தொடங்கின.

"நசி, படகுல என்னா பாத்தே?"

மறுபடி கேட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். ஒயர்கள் இழுபட்டன. "அய்யோ, இரி மோளே!" என்று சேட்டன் கத்தக் கத்த, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என் காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.